இலங்கைக்கு முதல் பயணம்: பறவை பார்க்க மன்னாரா, சிங்கராஜ வனமா?

பொருநைக்கரையான் | திருநெல்வேலி

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் மனைவியும் நானும் முதல் முறையாக இலங்கை போகிறோம். பயணத்தில் பாதி கோயிலுக்கு, பாதி பறவைக்கு என்று வீட்டில் உடன்படிக்கை ஆகியிருக்கிறது. நல்லூர், திருக்கேதீஸ்வரம், கதிர்காமம் என்று அவர் தம் பங்கை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். என் பங்குதான் இழுபறியில் கிடக்கிறது.

பயண முகவர் ஒருவரிடம் கேட்டேன். சிகிரியா, கண்டி, யால என்று அச்சடித்த தாளை நீட்டினார். எனக்குப் பறவை பார்க்க வேண்டும் என்றேன். சிறிதும் தயங்காமல் கூண்டுப் பறவைகள் உள்ள பூங்கா ஒன்றை நடுவில் செருகிக் கொடுத்தார்! அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று இங்கே வந்திருக்கிறேன்.

கூந்தன்குளத்துக்கும் தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கும் பல வருடமாகப் போய்வருகிறவன். நீர்ப்பறவைகள் ஓரளவு தெரியும். மழைக்காட்டுப் பறவை என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். நடப்பேன், ஆனால் மெதுவாக. ஏற்றம் வந்தால் முழங்கால் முரண்டு பிடிக்கும். கையில் 8×42 பைனாகுலர், ஒரு சிறிய கேமரா.

திருக்கேதீஸ்வரம் போவதால் மன்னார் எப்படியும் வழியில் வருகிறது. அங்கே நாள் செலவழிப்பதா, அல்லது சாமி கும்பிட்ட கையோடு தெற்கே சிங்கராஜ வனத்துக்கு ஓடுவதா?

கோவைக் கரிச்சான் | கோயம்புத்தூர்

ஓடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

மன்னாரில் பூநாரை இருக்கிறது, ஊசிவால் வாத்து இருக்கிறது, மூக்கன் இருக்கிறது, ஆலா இருக்கிறது. இவை அத்தனையும் தனுஷ்கோடியிலும் கோடியக்கரையிலும் உங்களுக்குக் கிடைக்கும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல். பூநாரைக்கு அது ஒரு தூரமா? அதே பறவையைப் பார்க்கக் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு போவானேன்?

இலங்கையின் சொத்து தென்மேற்கு மூலையில் இருக்கும் ஈரவலயக் காடும் மலைநாடும். உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் முப்பதுக்கும் மேல் அந்தத் தீவில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இந்த ஈரப் பகுதியில்தான் வாழ்கின்றன. நீல மேக்பை, செம்முக மல்கோஹா, பச்சை அலகுச் செண்பகம், ஆரஞ்சு அலகுத் தவிட்டுக்குருவி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கிடைக்கிற நாளில் பெரும்பகுதியைச் சிங்கராஜவுக்கும் நுவரெலியாவுக்கும் கொடுங்கள்.

ஒளிப்படப்பித்தன் | மதுரை

யால. வேறு பேச்சே இல்லை.

இலங்கையில் புலி கிடையாது, செந்நாயும் கிடையாது. அதனால் சிறுத்தைதான் காட்டுக்கு ராஜா. நம் ஊர்ச் சிறுத்தை போல ஒளிந்து மறைந்து திரிய வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பட்டப்பகலில் பாறைமேல் படுத்திருக்கும். ஜீப்புக்கு முன்னால் பாதையைக் கடந்து போகும். கதிர்காமம் போகிறவர் யாலவை விட்டுவிட்டு வருவது எனக்குப் புரியவில்லை. பறவை எங்கேயும் பறக்கும் ஐயா.

வாலாட்டி | சென்னை

யால போய்வந்தவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. சிறுத்தையைப் பார்த்தோம். மரக்கிளையில் தொங்கிய வாலைப் பார்த்தோம் என்பதே சரி. முன்னால் பத்துப் பதினைந்து ஜீப், பின்னால் அதே அளவு ஜீப், எல்லா ஓட்டுநரும் ஒரே நேரத்தில் கைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். புழுதியில் என் மகன் இருமிக்கொண்டே இருந்தான். சிறுத்தை இறங்கி வராததில் வியப்பில்லை.

சிறுத்தைதான் வேண்டும் என்றால் வில்பத்துக்குப் போங்கள். அது இலங்கையின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள் காட்டுக்குள் அங்கங்கே இருக்கின்றன, வில்லு என்பார்கள். விலங்கு குறைவாகக் கண்ணில் படலாம். ஆனால் கண்ட விலங்கோடு சற்று நேரம் தனியாக இருக்கலாம்.

மன்னார்த் தரவையான் | மன்னார்

ஐயாவுக்கு வணக்கம். கரிச்சான் அண்ணா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பாதிக் கணக்குத்தான் போட்டிருக்கிறார்.

எங்கள் ஊருக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் வெளிநாட்டவரைவிடக் கொழும்பு, கண்டிப் பக்கத்து ஆட்கள் அதிகம். ஆளுயரத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் என்ன தேடி வருகிறார்கள் தெரியுமா? கவுதாரி. கருங்கரிச்சான். நீளவால் கீச்சான். உங்கள் ஊர் வரப்பில் காலில் இடறுகிற கவுதாரி, இலங்கையில் புத்தளம் தொடங்கி யாழ்ப்பாணம் வரையுள்ள வறண்ட கரையோரத்தோடு நின்றுவிடுகிறது. கரிச்சானும் அப்படித்தான். தெற்கே போனால் கம்பியில் இருப்பவர் வெள்ளை வயிற்றுக்காரர். முழுக் கறுப்பர் வடக்கோடு சரி. பறவைகளின் கணக்கில் மன்னார்தான் இந்தியாவின் கடைசி ஊர்.

அப்படியானால் நெல்வேலியிலிருந்து வருகிறவருக்கு இங்கே புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பறவையைவிட, பறவை நிற்கும் தூரம் புதிது. தள்ளாடிச் சந்தியிலிருந்து கடலைக் கடந்து மன்னார்த் தீவுக்கு வரும் தாம்போதிச் சாலையில் விடியற்காலை வந்து நில்லுங்கள். இரண்டு பக்கமும் களப்பு, நீங்கள் காயல் என்பீர்கள். நீர் வற்றியிருக்கும் வேளையில் மூக்கன் கூட்டம் சாலையோரச் சேற்றிலேயே அலகைக் கண்வரை புதைத்துத் தையல் இயந்திரம்போலக் குத்திக்கொண்டிருக்கும். பஸ் போனாலும் தலையைத் தூக்காது. நடந்து போனால் மட்டும் பறந்துவிடும். ஆகவே வாகனத்தை விட்டு இறங்காமல் பாருங்கள். பூநாரை சற்றுத் தள்ளி நிற்கும். வங்காலைப் பக்கத்துத் தரவை வெளியும் களப்பும் 2008 முதல் சரணாலயம். 2010 இல் ராம்சார் தளமும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமும் ஆயிற்று. அங்கே வாத்துகள் இறங்கும் நாளில் நீரின் நிறமே தெரியாது.

அடுத்தது கட்டுக்கரைக்குளம். திருக்கேதீஸ்வரத்திலிருந்து தொலைவு அதிகமில்லை. அக்கா கோயிலில் இருக்கும் நேரத்தில் நீங்கள் குளக்கட்டில் இருக்கலாம்! தாமரையிலைக்கோழி, நாரை, கரண்டிவாயன் எல்லாம் அங்கே. தலைமன்னார் மணல்திட்டில் கிராப் பிளோவர் கிடைக்கும்: வெள்ளை உடல், கறுப்பு முதுகு, நண்டோட்டை உடைப்பதற்கென்றே வார்த்த தடித்த அலகு. அரபு நாட்டுக் கரைகளில் மணலில் வளை தோண்டி முட்டையிடுகிற பறவை அது. குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது.

இரண்டு எச்சரிக்கை. படைமுகாம், கடற்படைக் காவல் நிலையங்களின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், நிழலும் கிடையாது. அந்த நேரத்தில் பள்ளிமுனைக்குப் போய்ப் பெருக்கமரத்தைப் பாருங்கள். ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். வழியில் நகரத்துக் கழுதைகள் சாலையை மறித்தால் பொறுமை காக்கவும். அவை எங்களுக்கே வழிவிடுவதில்லை.

கோவைக் கரிச்சான் | கோயம்புத்தூர்

கவுதாரிக்காகக் கொழும்பிலிருந்து மன்னார் வருகிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தியில்லை. ஆனால் அது அவர்கள் பட்டியல், தம்பி. ஐயாவின் பட்டியல் வேறு. உள்ளூர்க்காரர் ஊர்ப்பாசம் எனக்குப் புரிகிறது. நானும் சிங்காநல்லூர்க் குளத்தைப் பற்றிக் கேட்டால் இதைவிட நீளமாக எழுதுவேன்.

மன்னார்த் தரவையான் | மன்னார்

பட்டியலுக்காக மட்டும் வருகிறவர் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் அண்ணா. பல வருடமாக ஒரே குளத்துக்குப் போய்வருகிறவர் என்று எழுதியிருந்தார். அப்படிப்பட்டவருக்குத் தெரிந்த பறவையைத் தெரியாத இடத்தில் பார்ப்பதில்தான் சுவை. அதோடு இங்கே பார்க்க வேண்டியதைக் கொஞ்சம் விரைவாகப் பார்ப்பதும் நல்லது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் திறந்த தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன. ஊருக்கு மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. வடக்கேயிருந்து வலசை வரும் பறவைக்கு இத்தீவுதான் வாசல் என்பதையும் கணக்கில் எடுங்கள் என்றுதான் இங்குள்ளவர்கள் கேட்கிறார்கள். இன்னும் காற்றாலை வரும் என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை.

தோட்டத்துப்பிள்ளை | நுவரெலியா

மலைநாட்டுப் பக்கம் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு நல்ல செய்தி: நுவரெலியா, அட்டன் பக்கம் மொழிக் கவலையே வேண்டாம். கடை, ஆட்டோ, தங்குமிடம், தோட்டத்துப் பாதை எங்கும் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். தெற்கே சிங்கராஜப் பக்கம்தான் சிங்களம் தெரிந்த ஓட்டுநர் உடன் இருந்தால் உதவி.

ஹோட்டன் சமவெளி 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்லோரும் உலக முடிவு என்ற பாறை விளிம்பைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். பட்டிப்பொலப் பக்கமிருந்து போகும் வழியில் அரங்கா குளம் என்று சாலையோரத்தில் சிறிய குளம் ஒன்று உண்டு. விடிகிற நேரத்தில் வண்டிக்குள் அமைதியாக இருங்கள். இலங்கைச் சீட்டிக் குருவி கரைப் புதரிலிருந்து வெளியே வரும். கருநீலப் பறவை, அரையிருட்டில் கறுப்பாகவே தெரியும். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டால் உள்ளே போய்விடும். நுழைவாயிலில் பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள், கோபப்படாதீர்கள். திரும்பும்போது மரைகள் புல்வெளியில் மேய்வதைப் பார்க்கலாம். உங்கள் பக்கத்தில் கடமான் என்பீர்கள்.

ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். பிப்ரவரியில் காலையில் உறைபனி விழுகிற நாளும் உண்டு.

வாலாட்டி | சென்னை

பிள்ளை அண்ணா விக்டோரியா பூங்காவை விட்டுவிட்டாரே! நுவரெலியா நகரத்துக்கு நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பூந்தோட்டம். குடும்பத்தோடு போனால் பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடுவார்கள், நாம் பின்புறம் ஓடும் சாக்கடையோரமாகப் போய் நிற்கலாம். ஆமாம், சாக்கடைதான். இலங்கைக்கு வரும் பறவை ஆர்வலர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கிற இடம் அது.

நான் போன அன்று பிஸ்கட் உறைக்கும் நெகிழித் தட்டுக்கும் நடுவே ஆறுமணிக்குருவி நின்றது. ஒரு காய்ந்த இலையை அலகால் கவ்வி இடப்பக்கம் வீசியது. தலையைச் சாய்த்து அந்த இடத்தையே பார்த்தது. பிறகு இரண்டு தத்தல், இன்னொரு இலை. இந்தத் தடவை இலைக்கடியில் மண்புழு. இழுத்து விழுங்கியதும் அந்தக் கட்டை வால் இரண்டு முறை மேலும் கீழும் ஆடியது. வாலடியின் சிவப்பு அப்போதுதான் தெரிந்தது. பத்தடி தூரம்கூட இருக்காது. சென்னையில் இலையுதிர்காலத்தில் அது வந்து இறங்கினால் ஊரே கூடிவிடும். அங்கே அதைச் சீந்துவார் இல்லாமல் குப்பை கிளறிக்கொண்டிருந்தது.

காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் குளிர்காலத்தில் அதே தோட்டத்துக்கு வருகின்றன. மார்ச் நடுப்பகுதிக்குள் போய்விடுங்கள் ஐயா.

ஒளிப்படப்பித்தன் | மதுரை

சரி, யாலவை விடுகிறேன். சிங்கராஜ போனால் செரண்டிப் ஆந்தையை விட்டுவிடாதீர்கள். கைபேசியில் அதன் குரலைப் பதிவிறக்கிக்கொண்டு மாலையில் ஒலிக்க விட்டால் வந்து உட்காரும். படம் உறுதி.

கோவைக் கரிச்சான் | கோயம்புத்தூர்

இதற்குத்தான் காத்திருந்தேன்.

அந்த ஆந்தையின் வரலாறு தெரியுமா உங்களுக்கு? தீபால் வரகாகொட என்ற இலங்கைப் பறவையியலாளர் 1995 இல் கித்துல்கலைக் காட்டில் ஒரு குரலைக் கேட்டார். அவருக்குத் தெரிந்த எந்த ஆந்தையோடும் அது ஒத்துப்போகவில்லை. அந்தக் குரலின் சொந்தக்காரரை 2001 இல் சிங்கராஜவில்தான் அவரால் கண்ணால் பார்க்க முடிந்தது. 2004 இல் புதிய இனம் என்று உலகுக்கு அறிவித்தார்கள். 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவையினம். அத்தனை வருடம் ஒரு மனிதர் காதை மட்டும் நம்பிக் காத்திருந்த பறவையை நீங்கள் கைபேசிப் பொத்தானில் வரவழைக்கப் பார்க்கிறீர்கள்.

குரல் கேட்டுப் பறவை ஏன் வருகிறது? தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. நீங்கள் ஒரு நாள் போய்விட்டு வந்துவிடுவீர்கள். அடுத்த நாள் இன்னொருவர், அதற்கடுத்த நாள் இன்னொருவர். ஆந்தை அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஒளிப்படப்பித்தன் | மதுரை

உபதேசத்துக்கு நன்றி. கணக்கெடுப்புக்குப் போகும் ஆராய்ச்சியாளர்களும் இதே குரல் பதிவைத்தான் ஒலிக்க விடுகிறார்கள், அது மட்டும் சரியா? ஒரு நிமிடம் குரல் போட்டு, பறவையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது ஒரு வழி. இருட்டில் கூட்டமாகக் காட்டுக்குள் இறங்கிச் செடிகளை மிதித்துத் துழாவுவது இன்னொரு வழி. எது அதிகக் கெடுதல் என்று நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்.

கோவைக் கரிச்சான் | கோயம்புத்தூர்

ஆராய்ச்சியாளர் அனுமதி வாங்கி, எப்போது, எவ்வளவு நேரம் என்று எழுதிவைத்துச் செய்கிறார். நீங்கள் சொன்ன இரண்டு வழிக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: பார்க்காமல் திரும்புவது.

தோட்டத்துப்பிள்ளை | நுவரெலியா

நான்காவதும் உண்டு. சிங்கராஜ வாயிலில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் அனுப்புவார்கள். அவர் இல்லாமல் உள்ளே போக முடியாது. அவர்களில் பலர் அந்தக் காட்டோரக் கிராமத்திலேயே பிறந்தவர்கள். தவளைவாயன் என்ற இரவுப் பறவையும் ஆந்தையும் பகலில் எந்தக் கொடியில் தூங்குகின்றன என்பது அவர்களுக்கு அத்துப்படி. முறையாகக் கேட்டால், பறவை நிம்மதியாக இருக்கும் நாளில் தூரத்திலிருந்து காட்டுவார்கள். இல்லாத நாளில் கையை விரித்துவிடுவார்கள், வற்புறுத்தக் கூடாது. கைபேசிப் பாட்டைவிட அவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு நல்ல முதலீடு.

இன்னொன்று. காட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், உதிர்ந்த இறகாக இருந்தாலும். 2020 மே மாதம் யாலவில் இத்தாலிய தந்தை மகன் இருவர் வண்ணத்துப்பூச்சி உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் புட்டியில் அடைத்துவைத்திருந்ததாகப் பிடிபட்டார்கள். 2024 செப்டம்பரில் நீதிமன்றம் அவர்களுக்கு விதித்த அபராதம் 6 கோடி இலங்கை ரூபாய்.

நெறியாளர்

குரல் பதிவு பற்றிய வாதத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே பொருநைக்கரையான் ஐயாவின் பயணம் மட்டும்.

பொருநைக்கரையான் | திருநெல்வேலி

அப்பாடா. என் கேள்வியை வைத்து இவ்வளவு பெரிய சண்டை நடக்கும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

மன்னாரை விடுவதாக இல்லை. தம்பி சொன்ன சாலையோரத்துக்காகவே ஒரு விடியலை ஒதுக்கிவிட்டேன். சிங்கராஜ பற்றித்தான் இன்னும் தயக்கம். முழங்கால் தாங்குமா? அட்டைக்கடிக்கு என்ன செய்வது? வீட்டில் அட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் மாறிவிட்டது.

கோவைக் கரிச்சான் | கோயம்புத்தூர்

தாங்கும். குடாவ வாயில் வழியாகப் போங்கள். இரத்தினபுரியிலிருந்து கலவான, வெத்தாகல என்று சாலை வரும். டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து காட்டின் தடுப்புக் கதவுவரை நல்ல ஏற்றம். அந்தத் தூரத்துக்கு ஜீப் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அகலமான பழைய பாதை. 1970களில் ஒட்டுப்பலகை ஆலைக்கு மரம் வெட்டி ஏற்றிப்போகப் போட்ட பாதை அது. மக்கள் எதிர்த்ததால் 1977 இல் வெட்டுவது நின்றது. கோடரிக்குப் போட்ட பாதையில்தான் இன்று உலகமே பைனாகுலரோடு நடக்கிறது. பெரிய மேடுபள்ளம் கிடையாது, ஆற அமர நடக்கலாம்.

அங்கே ஒரு பறவையைத் தேடாதீர்கள், கூட்டத்தைத் தேடுங்கள். இதுதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். மழைக்காட்டில் ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒன்றும் இருக்காது, அட்டையும் குக்குறுவான் சத்தமும் தவிர. திடீரென்று ஒரு கலகலப்பு கேட்கும். ஆரஞ்சு அலகுத் தவிட்டுக்குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு கீழ்க்கிளைகளில் ஓடிவரும். அவற்றோடு கொண்டைக் கரிச்சான். பிறகு சிறகு, வால், நிறம் என்று என்னென்னவோ. ஒரே கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இனம், நாற்பது பறவை என்பது அங்கே சாதாரணம். உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட கலப்புக் கூட்டங்களில் ஒன்று அது.

ஏன் சேர்ந்து போகின்றன? தவிட்டுக்குருவி இலைகளைக் கலைக்கும்போது பறக்கும் பூச்சியைக் கரிச்சான் பிடித்துக்கொள்கிறது. பதிலுக்கு வல்லூறு வந்தால் முதலில் அலறுவது கரிச்சான்தான். மற்றப் பறவைகள் அந்த அலறலை நம்பி நிம்மதியாக மேய்கின்றன. செம்முக மல்கோஹா மேலே, உச்சிக் கிளையில், சத்தமில்லாமல் தொடரும். ஆகவே கீழே நடக்கும் திருவிழாவில் மயங்கிவிடாமல் அவ்வப்போது மேலே பாருங்கள்.

அட்டைக்குத் துணி உறை கிடைக்கும். காலுறைக்கு மேல் முழங்கால்வரை மாட்டிக்கொள்வது. எங்கள் வால்பாறைப் பக்கத்தில் மூக்குப்பொடியும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசுவோம். கடித்தால் வலிக்காது, இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அவ்வளவுதான். பிப்ரவரியில் மழை குறைவு, அட்டையும் குறைவு. குடை அவசியம், மழைக்கோட்டுக்குள் பைனாகுலர் வியர்த்துவிடும்.

கதிர்காமத்துக்குப் பக்கத்தில் யாலவுக்குப் பதில் புந்தல போங்கள். இலங்கையின் முதல் ராம்சார் தளம், 1990. ஒரு காலத்தில் அங்கே பூநாரை ஆயிரக்கணக்கில் வந்தது. மேலே நீர்த்தேக்கம் கட்டி வயலுக்குப் பாய்ச்சிய பிறகு, வடிந்த நன்னீர் களப்பில் கலந்து உப்பு குறைந்தது. பூநாரையின் இரையும் போயிற்று, பூநாரையும் போயிற்று. மற்ற நீர்ப்பறவைகள் இருக்கின்றன. உங்கள் முழங்காலுக்கும் ஜீப் இருக்கை நல்லது.

பொருநைக்கரையான் | திருநெல்வேலி

போய்விட்டு வந்துவிட்டோம். சொன்னபடி அறிக்கை.

சிங்கராஜவில் முதல் நாள் காலை முழுவதும் மழை. கரிச்சான் தம்பி சொன்ன கலகலப்பு கேட்கவே இல்லை. வழிகாட்டி இளைஞர் சலிக்காமல் முன்னால் நடந்தார். மதியத்துக்கு மேல் மழை விட்டது. ஒரு வளைவில் அவர் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். தவிட்டுக்குருவிகள் எங்கள் இடுப்பளவு உயரத்தில் செடியோடு செடியாக வந்தன. ஈரத்தில் நனைந்து, இறகு ஒட்டி, அலகு மட்டும் ஆரஞ்சாகப் பளிச்சிட்டது. நாங்கள் நிற்பதை அவை பொருட்படுத்தவே இல்லை. ஒன்று என் குடைக்காம்புக்கு அருகில் இருந்த தண்டில் தலைகீழாகத் தொங்கிப் பட்டைக்குள் அலகை விட்டது. அப்போது மனைவி என் தோளைத் தட்டி மேலே காட்டினார். நீல மேக்பை இரண்டு. நீலம் என்று எழுதினால் போதாது. காவி நிறத் தலை, சிவந்த அலகு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், உடம்பெல்லாம் மயில் கழுத்தின் நீலம். அதில் ஒன்று ஒரு பச்சைத் தவளையைக் கிளையில் அடித்துக்கொண்டிருந்தது. மல்கோஹாவைத் தேட மேலே பார்க்க வேண்டும் என்ற அறிவுரை எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. அதனால் மல்கோஹா இல்லை. ஆந்தையும் இல்லை, அன்று கையை விரித்துவிட்டார், நாங்களும் கேட்டு வற்புறுத்தவில்லை.

காட்டுக்கோழியைக் காட்டில் பார்க்கவில்லை, குடாவத் தேநீர்க்கடைக்கு எதிரே பார்த்தேன். வீட்டுக்கோழிகளோடு சேர்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. சிவந்த கொண்டைக்கு நடுவே மஞ்சள் திட்டு. நாட்டின் தேசியப் பறவைக்கு இவ்வளவு எளிமை ஆகாது.

அட்டை எனக்கு மூன்று நான்கு இடத்தில் கடித்தது, மூக்குப்பொடியையும் மீறி. மனைவிக்கு ஒன்றுகூட இல்லை. கதிர்காமத்தான் காப்பாற்றினான் என்கிறார்.

விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக்குருவி தரிசனம் தரவில்லை. குரல் மட்டும் கேட்டது. பூங்குருவியை நன்றாகப் பார்த்தோம்.

மன்னார் விடியலைத் தனியாக எழுத வேண்டும். சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினோம். இரண்டு பக்கமும் சேற்றைக் குத்தும் சத்தம், மெல்லியதாக, நிற்காமல். கூந்தன்குளத்தில் நான் பார்க்கிற பூநாரை தூரத்து ரோஜாக் கோடு. இங்கே அது தலையைக் கவிழ்த்து நீரில் போட்டு, கால்களால் சேற்றை மிதித்து மிதித்து வட்டம் சுற்றுவதையும், அது சுற்றிய இடத்தில் சேறு வளையமாகக் கலங்கிக் கிடப்பதையும் பார்த்தேன். தலைமன்னார்ச் சாலையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு குழு முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி வேலிக் கம்பியில் எதையோ மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கருங்கரிச்சான்! என் வீட்டு மொட்டைமாடிக் கம்பியில் தினமும் உட்காருகிறவர். அவர்களோடு சேர்ந்து நானும் கொஞ்ச நேரம் தொலைநோக்கியில் பார்த்தேன். வால் நுனியின் பிளவு, வாயோரத்து வெள்ளைப் புள்ளி எல்லாம் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன் என்பதைக் கரிச்சான் தம்பிக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கோவைக் கரிச்சான் | கோயம்புத்தூர்

என் பெயரை வைத்தே என்னை மடக்கிவிட்டீர்கள். மல்கோஹாவைத் தவறவிட்டதற்கு மட்டும் மன்னிப்பில்லை.

மன்னார்த் தரவையான் | மன்னார்

மகிழ்ச்சி ஐயா. கட்டுக்கரைக்குளத்துப் படங்களைப் போடுங்கள். கழுதை வழிவிட்டதா?

பொருநைக்கரையான் | திருநெல்வேலி

விடவில்லை.

செங்கால்நாரை | புதுச்சேரி

இழையை இப்போதுதான் படித்து முடித்தேன். எங்களுக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மே மாதம் மட்டும்தான். அப்போது போனால் இதில் எதுவாவது கிடைக்குமா?

தோட்டத்துப்பிள்ளை | நுவரெலியா

மேயில் வலசைப் பறவைகள் போய்விட்டிருக்கும். மன்னாரும் விக்டோரியா பூங்காவும் அந்த அளவுக்குக் குறைவு. மே நடுவில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், சிங்கராஜவில் நாள் முழுக்கக் கொட்டும், அட்டைக்குத் திருவிழா. ஆனால் கிழக்குக் கரை அப்போதுதான் நன்றாக இருக்கும். திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும், படகில் போய்த் திமிங்கிலம் பார்க்கலாம். நீலத் திமிங்கிலமே வரும் கடல் அது. அங்கிருந்து கரையோரமாகப் பொத்துவில் இறங்கி, உகந்தை முருகன் கோயில் வரை போங்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே குமண தேசியப் பூங்காவின் வாயில். அங்குள்ள வில்லுவில் நாரை, கொக்கு, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டுகிற பருவம் மே, ஜூன். யாலவோடு ஒட்டிய காடு, யாலவின் ஜீப் கூட்டம் கிடையாது. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் நடந்து போகிற காடும் அதுதான். ஆடித் திருவிழாவுக்கு முன் சில நாட்கள் அவர்களுக்காக வழி திறப்பார்கள், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். யானைக் கூட்டம் பார்க்க வேண்டும் என்றால் மின்னேரியா ஆகஸ்ட், செப்டம்பரில்தான்.

பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் பொத்துவிலில் தங்கி அதிகாலையில் கிளம்புங்கள். உகந்தையில் கடை கண்ணி குறைவு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது.